இருக்க வேண்டிய சத்தம்

மௌனத்தின் மீது நமக்கு அளவுக்கு மீறிய மரியாதை உண்டு. சத்தமில்லாத வீட்டை நல்ல குடும்பம் என்கிறோம். முணுமுணுக்காத வேலைக்காரனை விசுவாசி என்கிறோம். கேள்வி கேட்காத மாணவனை ஒழுக்கமானவன் என்கிறோம். உடம்பு முனகாதவரை வைத்தியரிடம் போவதில்லை; ஜனங்கள் முனகாதவரை ஊரில் குறை இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். சத்தம் வந்தால் கோளாறு. சத்தம் நின்றால் கோளாறு தீர்ந்தது. இந்தக் கணக்கு எவ்வளவு சுலபமோ, அவ்வளவு தவறானதும்கூட.

இதை நான் வேதாந்தத்திலிருந்து எடுத்துச் சொல்லவில்லை. டீசல் எஞ்சினிலிருந்து எடுத்துச் சொல்கிறேன். வேதாந்தத்தில் ஆளுக்கு ஓர் அர்த்தம் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். எஞ்சினிடம் அது நடக்காது. உண்மையைக் கண்டுபிடித்தால் வண்டி மலை ஏறும். கண்டுபிடிக்காவிட்டால் நடுவழியில் நிற்கும். வியாக்கியானத்துக்கு அங்கே இடமில்லை.

பழனி மலைத்தொடரில் பிக்கப் வண்டி என்பது வெறும் வாகனம் அல்ல. அது ஊரின் கையும் காலும். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கூக்கால் என்று மேல்மலைக் கிராமங்களில் படிப்படியாக வெட்டிய வயல்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும் விளைகின்றன. விளைந்தது பணமாக வேண்டுமானால் கீழே போயாக வேண்டும். வத்தலக்குண்டுக்கோ, திண்டுக்கல்லுக்கோ, ஒட்டன்சத்திரம் சந்தைக்கோ விடியுமுன் போய்ச் சேர வேண்டும். 1845-ல் அமெரிக்கப் பாதிரிமார்கள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியபோது டோலியும் மட்டக்குதிரையும் தலைச்சுமையுமாகத்தான் சாமான்கள் மேலே போயின. மனிதன் தோளில் சுமந்ததை இன்று நான்கு சிலிண்டர் சுமக்கிறது. ஆனால் மலை குறைந்துவிடவில்லை. ஏறக்குறைய 7000 அடி உயரத்துக்கும் ஆயிரம் அடி சொச்சத்தில் இருக்கும் வத்தலக்குண்டுக்கும் நடுவே வண்டி தினமும் ஏறி இறங்குகிறது. மேலே காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எஞ்சின் மூச்சு வாங்குகிறது. ஏறும்போது உலை போல் கொதிக்கிறது, இறங்கும்போது குளிர்ந்துபோகிறது. கொதிப்பும் குளிர்ச்சியுமாக இரும்பு நாள்தோறும் விரிந்து சுருங்குகிறது. அந்த இரும்பிலிருந்து ஒரு நாள் 'டிக், டிக், டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கிளம்பினால், அதைக் கேட்டவன் என்ன செய்ய வேண்டும்? மெக்கானிக்கின் கேள்வி போலத் தோன்றும் இது, உண்மையில் தர்ம சாஸ்திரத்தின் கேள்வி.

பழனியிலிருந்து வரும் மலைப்பாதை பெருமாள்மலையில் வந்து சேருகிறது. அந்தச் சந்திப்புக்குச் சற்றுத் தள்ளியிருந்த ஒரு பட்டறையில் இந்தச் சத்தத்துக்கு நடந்த விசாரணையை நான் பார்த்திருக்கிறேன். வண்டிக்காரர் நாற்பது வயதுக்காரர். சொந்த வண்டி, தானே டிரைவர். மெக்கானிக்குக்கு அறுபது இருக்கும். வண்டி பழைய மாடல் டீசல் பிக்கப்.

"டிக் டிக்குன்னு ஒரே சத்தம்ண்ணே. கீழ ஒரு இடத்துல காமிச்சேன். டேப்பெட்டுன்னு சொல்லி டைட் பண்ணி விட்டாங்க. ரெண்டு நாள் அடங்கின மாதிரி இருந்துச்சு. மறுபடியும் அதே கதைதான்."

மெக்கானிக் பானெட்டைத் திறக்கவில்லை. கேள்விதான் கேட்டார். "சத்தம் காலையில ஜாஸ்தியா, மத்தியானம் ஜாஸ்தியா தம்பி?"

வண்டிக்காரர் யோசித்தார். "காலையில எடுக்கும்போதுதான் ஜாஸ்தி. அப்புறம் குறையும். லோடோட ஏத்தத்துல போறப்ப மறுபடி கேக்கும்."

"அப்ப இப்பப் பாத்துப் பிரயோசனமில்ல. எஞ்சின் சூட்டுல இருக்கு. ராத்திரி வண்டிய இங்கயே விட்டுட்டுப் போங்க. காலையில நானே ஸ்டார்ட் பண்ணிப் பாக்கிறேன். நீங்க வந்து கைய வச்சிறாதீங்க."

வண்டிக்காரரின் முகம் வாடிவிட்டது. மறுநாள் நடை போய்விட்டது என்று அர்த்தம். நடை போனால் வாடகை போயிற்று. மாதத் தவணைக்காரன் ஒரு நாளைக் கழித்துக்கொண்டு வாங்கமாட்டான். சற்று நேரம் வண்டியின் மேல் கையை வைத்தபடி நின்றார். பிறகு சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

காலையில் நடந்த விசாரணையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். தர்மம் அந்த விவரத்தில்தான் இருக்கிறது. முதலில் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். ஆயில் குறைந்தாலும் எஞ்சின் இப்படிச் சத்தம் போடும். மிகச் சுலபமான காரணத்தை முதலில் விலக்கிவிட வேண்டும் அல்லவா? ஆயில் சரியாக இருந்தது. பிறகு ஸ்டார்ட் செய்தார். சில்லிட்டிருந்த எஞ்சினில் சத்தம் தெளிவாகக் கேட்டது. நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்றின் நுனியை எஞ்சினின் தலையில் வைத்து, பிடியைக் காதோரம் வைத்துக்கொண்டார். மேல்மூடியின் நெடுகிலும் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நகர்த்தினார். எங்கேயும் சத்தம் விசேஷமாக ஓங்கவில்லை. அடுத்து ஒரு ரப்பர் குழாயை எடுத்து, ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையைப் புகை வெளியேறும் மேனிபோல்டின் ஓரமாக நகர்த்தினார். மூன்றாவது சிலிண்டர் வந்ததும் நின்றார். அந்தச் சிலிண்டருக்கு டீசல் போகும் குழாயின் நட்டை லேசாகத் தளர்த்தினார். அதில் எரிதல் நின்றது, சத்தமும் நின்றது. மறுபடி முறுக்கினார்; சத்தம் திரும்பி வந்தது. (இப்போது வரும் காமன் ரெயில் எஞ்சின்களில் யாரும் இந்தக் காரியத்தைச் செய்யக் கூடாது. அந்தக் குழாயில் அழுத்தம் காற்று மண்டலத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல். விரலை அறுத்து உள்ளே புகுந்துவிடும்.)

டேப்பெட்டாக இருந்தால் டீசலை நிறுத்தியும் அது அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கும். எரிந்தால் வருகிறது, எரியாவிட்டால் நிற்கிறது என்றால், புகை எங்கோ திருட்டு வழியில் வெளியேறுகிறது. டார்ச் அடித்துப் பார்த்தபோது மேனிபோல்டு சேரும் இடத்தில் கரி படிந்திருந்தது. அதைப் பிடித்திருந்த ஸ்டட் ஒன்று முறிந்து போயிருந்தது. கொதித்தும் குளிர்ந்தும் களைத்துப்போன இரும்பு. எஞ்சின் சூடேறினால் உலோகம் விரிந்து சந்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் மத்தியானம் சத்தம் குறைந்தது. ஏற்றத்தில் அழுத்தம் கூடினால் சந்தை மீறி மறுபடி பீறிடும். வண்டிக்காரர் சொன்ன சாட்சியம் முழுவதும் சரியாகிவிட்டது.

கீழே இருந்தவர்கள் ஏன் டேப்பெட் என்று நினைத்தார்கள்? அவர்களை முட்டாள்கள் என்று சொல்வதற்கில்லை. இந்த எஞ்சினில் அச்சு இரண்டு சுற்று சுற்றினால் ஒவ்வொரு வால்வும் ஒரு தடவை திறக்கிறது. ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு தடவை புகை விடுகிறது. நிமிஷத்துக்கு 800 சுற்றில் எஞ்சின் நின்றபடி ஓடினால், ஒரு டேப்பெட் 400 தடவை தட்டும். ஓட்டையான ஒரு சந்தும் 400 தடவை தட்டும். தாளம் ஒன்று, காரணம் வேறு. குணமில்லாத மனிதர் பலர் ஒரே மாதிரி நல்ல வார்த்தை பேசுவதில்லையா, அதுபோல.

அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். முறிந்த ஸ்டட்டின் அடிக்கட்டை மேல் ஒரு நட்டைப் பற்றவைத்துத் திருகி எடுத்து, புது ஸ்டட்டும் புது கேஸ்கட்டும் போட்டு, நடுவிலிருந்து இரண்டு ஓரத்துக்குமாகச் சமமாக முறுக்கி, கூலியை வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கலாம். கேட்ட சத்தம் போய்விட்டது, கேட்டவரும் திருப்தி. ஆனால் அவர் மேல்மூடியைக் கழற்றினார். பில்லர் கேஜ் என்கிற மெல்லிய தகட்டை ஒவ்வொரு வால்விலும் நுழைத்துப் பார்த்தார். புகை வால்வுகளில் தகடு நுழையவே இல்லை. சத்தத்தை அடக்குவதற்காக முன்பு முறுக்கியவர்கள் இருக்க வேண்டிய இடைவெளியையே அடைத்துவிட்டிருந்தார்கள்.

இங்கேதான் விஷயத்தின் உயிர் இருக்கிறது. வால்வுக்கும் அதைத் தட்டுகிற கைக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு அளவுக்கு, வண்டிக்கு வண்டி சற்றுக் கூடியோ குறைந்தோ, ஓர் இடைவெளி வேண்டும். சூட்டில் வால்வின் தண்டு நீளும். நீள்வதற்கு இடம் விட்டால்தான் வால்வு தன் ஆசனத்தில் முழுக்க உட்கார்ந்து மூட முடியும். மூடி உட்காரும் அந்த நேரத்தில்தான் அது தன் சூட்டை ஆசனத்துக்குக் கடத்திவிட்டு ஆறிக்கொள்கிறது. இடைவெளி இல்லையென்றால் வால்வு முழுக்க மூடாது. நெருப்பு அதன் விளிம்பைச் சீறிக்கொண்டு போகும். சில ஆயிரம் மைல்களில் வால்வு கருகிப்போகும். அவ்வளவும் எப்படி நடக்கும் தெரியுமா? சத்தமே இல்லாமல் நடக்கும். இடைவெளி சற்றுக் கூடுதலாக இருக்கும் டேப்பெட் தட்டித் தட்டித் தன் குறையைச் சொல்லிக்கொண்டேயிருக்கும். இடைவெளி இல்லாத டேப்பெட் பரம சாதுவாக இருந்தபடி எஞ்சினைக் கொல்லும்.

இடைவெளியைச் சரியாக வைத்து மூடி, ஸ்டார்ட் செய்தார்கள். பழைய சத்தம் போய்விட்டது. ஆனால் மெலிதாக, ஒழுங்காக, தையல் மிஷின் போல ஒரு தட்டல் கேட்டது. வண்டிக்காரரின் நெற்றி சுருங்கியது.

"இன்னும் லேசா டிக் டிக்குன்னு கேக்குதேண்ணே?"

"கேக்கத்தான் தம்பி செய்யும். அது இருக்க வேண்டிய சத்தம். அது ஒரு நாளைக்குக் கேக்காமப் போச்சுன்னா எங்கிட்ட வாங்க."

காசு கொடுப்பவன் சத்தமே வேண்டாம் என்கிறான். கொஞ்சம் சத்தம் வேண்டும் என்று அவனிடம் சொல்வதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும். வைத்தியன், வக்கீல், வாத்தியார், எழுத்தாளன் எல்லோருக்கும் இந்தச் சோதனை வருகிறது. வந்தவனுக்கு வேண்டியது நிம்மதி. கொடுக்க வேண்டியது குணம். இரண்டும் எப்போதும் ஒன்றல்ல.

அறிகுறியையும் காரணத்தையும் பிரித்துப் பார்க்க மனிதகுலம் மெல்லத்தான் கற்றுக்கொண்டது. வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் இதற்கு ஒரு வரிசையே வகுத்தார். முதலில் நோய் என்ன என்று தெரிந்துகொள். பிறகு அது எதிலிருந்து பிறந்தது என்று பார். பிறகு தணிக்கும் வழியைத் தேடு. அதற்கும் பிறகுதான் கை வைக்கலாம். நான்கு படிகளில் கை வைப்பது கடைசிப் படி. நம்மில் பலர் அதை முதல் படியாக வைத்துக்கொண்டிருக்கிறோம். ஆஸ்திரியாவில் அவுவன்புருக்கர் என்ற வைத்தியர் நோயாளியின் மார்பை விரலால் தட்டி, எழும் ஒலியைக் கொண்டு உள்ளே இருப்பதை அறியலாம் என்று 1761-ல் எழுதினார். அவர் சத்திரக்காரர் ஒருவரின் மகன். பீப்பாயைத் தட்டி உள்ளே எவ்வளவு சாராயம் இருக்கிறது என்று சொல்வது சத்திரக்காரர்களின் பழக்கம். பிரான்ஸில் லென்னெக் 1816-ல் ஒரு காகிதத்தைக் குழலாகச் சுருட்டி மார்பில் வைத்துக் கேட்டார், ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. நம் பட்டறைக்காரரின் ரப்பர் குழாய் அதற்குத் தம்பி முறை.

இதே மலையில் இன்னொரு உதாரணமும் இருக்கிறது. 1899-ல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆராய்ச்சி நிலையத்தில் ஜான் எவர்ஷெட் 1909-ல் சூரியப் புள்ளிகளின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். நிறமாலைக் கோடுகள் இருக்க வேண்டிய இடத்திலிருந்து அணுவளவு விலகியிருந்தன. படம் சரியாக விழவில்லை என்று அவர் ஒதுக்கிவிடவில்லை. அந்தச் சிறு விலகலிலிருந்து, சூரியப் புள்ளியில் வாயு நடுவிலிருந்து வெளிப்புறமாக ஓடுகிறது என்று கண்டு சொன்னார். இன்றும் உலகம் அதை எவர்ஷெட் விளைவு என்றே அழைக்கிறது. யாரும் போய்ப் பார்க்க முடியாத இடத்தில் நடப்பதை ஒரு சின்ன விலகல் சொல்லிவிட்டது. ஒதுக்கிவிடாத மனசுதான் அங்கே பெரிய கருவி.

சரி, எல்லாச் சத்தத்துக்கும் எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிடலாமா என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். டீசல் ஊசிக்குழலுக்கு என்று ஓர் இயல்பான தட்டல் உண்டு. அதைக் கேட்டுக் கலங்கி வாரத்துக்கு ஒரு பட்டறை ஏறுகிறவன் வண்டியையும் கெடுப்பான், தன்னையும் கெடுத்துக்கொள்வான். சந்தேகப் பிராணிக்கும் அலட்சியக்காரனுக்கும் ஒரே குறைதான்: இருவருமே சத்தத்தைக் கேட்பதில்லை. ஒருவன் தன் பயத்தைக் கேட்கிறான்; மற்றவன் தன் சௌகரியத்தைக் கேட்கிறான். சத்தம் எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது, எங்கே ஓங்குகிறது என்று கேட்பவன்தான் உண்மையில் கேட்கிறவன்.

இன்னொரு கேள்வி இதைவிடக் கடுமையானது. ஏழைக்கு இந்தத் தர்மம் கட்டுப்படியாகுமா? கெட்டி ஆயிலை ஊற்றிச் சத்தத்தைக் கொஞ்ச நாளைக்கு அமுக்கிவிட்டு, வண்டியை இன்னொருவன் தலையில் கட்டிவிடுகிறவர்கள் உண்டு. அவர்களில் சிலர் ஏமாற்றுக்காரர்கள். சிலர் தவணை கட்ட முடியாதவர்கள். பசிக்கிற வயிற்றிடம் வால்வு இடைவெளியைப் பற்றி உபதேசம் செய்வது எனக்குச் சம்மதமில்லை. ஆனால் அந்த வண்டியை வாங்குகிறவன் யார்? அவனும் இன்னோர் ஏழைதான். முறிந்த ஸ்டட் வழியே பீறிடும் சூட்டு வாயு பக்கத்து வயரையும் ரப்பர் குழாயையும் பொசுக்கும். புகை டிரைவர் உட்காரும் இடத்துக்குள் நுழையும். பின்னால் மூட்டைகள் மேல் கூலிக்குப் போன பெண்கள் உட்கார்ந்து வருவார்கள். ஒருபுறம் பள்ளம். தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டான் என்பதற்காகத் தெரியாதவர்கள் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே அந்த ஒரு நாள் நடையின் நஷ்டத்தை யார் தாங்குவது என்பதுதான் சரியான கேள்வி. வாடகை பேசும் வியாபாரியும், தவணை வாங்கும் கம்பெனியும் ஒரு நாளைப் பொறுத்துக்கொண்டால் நேர்மை இவ்வளவு விலையுயர்ந்த சரக்காக இருக்காது. நேர்மையை ஏழையின் தனிப்பட்ட செலவாக வைத்துவிட்டு, அவனிடம் அது இல்லையே என்று அங்கலாய்ப்பது நியாயமல்ல. அப்படியிருந்தும் தன் ஒரு நாளைக் கொடுத்துவிட்டுப் போன அந்த வண்டிக்காரருக்கு யாரும் பட்டம் கொடுக்கப்போவதில்லை. நான் கொடுக்கிறேன்.

சத்தம் போடாமல் கெடுப்பது எவ்வளவு கொடியது என்று கொடைக்கானல் மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே ஒரு வெப்பமானித் தொழிற்சாலை இருந்தது. பாதரசத்துக்கு ஓசையும் இல்லை. அதன் ஆவிக்கு வாசனையும் இல்லை. பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி, பழைய சாமான் கடையில் குவிந்து கிடந்தது வெளிப்பட்டதும் 2001-ல் தொழிற்சாலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்குக் கம்பெனியோடு சமரசம் ஏற்பட்டது 2016-ல். நடுவில் பதினைந்து வருஷம். அந்தப் பதினைந்து வருஷமும் தொழிலாளர்கள் தட்டிக்கொண்டேயிருந்தார்கள். அந்தத் தட்டலை இரைச்சல் என்று நினைத்தவர்களும் உண்டு. அது சாட்சியம் என்று கேட்டவர்களும் உண்டு. கடைசியில் காரியம் நடந்தது சாட்சியமாகக் கேட்டவர்களால்.

இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் கொஞ்சம் இடம் வேண்டுமென்றால், மனிதருக்கும் மனிதருக்கும் நடுவில் வேண்டாமா? கணவனும் மனைவியும், தகப்பனும் பிள்ளையும், முதலாளியும் தொழிலாளியும் ஒருவரையொருவர் சூடேற்றிக்கொண்டுதான் வாழ்கிறார்கள். சூட்டில் ஒவ்வொருவரும் கொஞ்சம் விரிவார்கள். விரிவதற்கு இடம் விட்டால் லேசாகத் தட்டும்; ஒரு வார்த்தை வரும், ஒரு முணுமுணுப்பு வரும். அந்தத் தட்டல் பிடிக்காமல் முறுக்கி வைத்தால் வீடு அமைதியாகிவிடும்; விருந்தினர்கள் வந்து மெச்சிவிட்டுப் போவார்கள். உள்ளே ஏதோ கருகிக்கொண்டிருப்பது அவர்களுக்குத் தெரியாது. ஆகவே வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளாதீர்கள். அது எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று கவனியுங்கள். பல நாளாகப் பேச்சே கேட்கவில்லை என்றால், அன்றைக்குத்தான் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும்.